புதுக்கோட்டை மியூசியமும் கருக்காக்குறிச்சிப் பானையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். பாதியில் நிறுத்தி லைக் மட்டும் போட்டுவிட்டுப் போனால் டீச்சருக்குத் தெரிந்துவிடும்!

சென்ற வாரம் முன்னாள் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "டீச்சர், பையனுக்கு லீவு. புதுக்கோட்டை மியூசியத்துல பாக்கற மாதிரி என்ன இருக்கு? ஒரு மணி நேரம் தேறுமா?" அவருக்கு ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அந்த வாசலுக்குள் அழைத்துப் போனவள் நான். அங்கே என்ன இருக்கிறது என்பதைவிட, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய கதை. அதையே எழுதுகிறேன்.

கதை 1898இல் தொடங்குகிறது. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சி என்ற கிராமத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை கிடைத்தது. உள்ளே 501 பொற்காசுகள். எல்லாம் ரோமாபுரிக் காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை, அதாவது கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டிய சுமார் நூறு வருடங்களில் ஆண்ட பேரரசர்களின் முகம் பொறித்தவை. டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ காசுகளே அதிகம். அந்தக் காசு ஒன்று நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவான எடை. 501 காசு என்றால் நானூற்றைம்பது பவுனுக்கு மேல்! இந்தியாவில் ரோமானியப் பொற்காசுகள் இத்தனை ஒரே இடத்தில் கிடைத்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான காசுகளில் அரசரின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு போட்டிருக்கிறது. ஏன் வெட்டினார்கள்? "இனி இது காசு இல்லை, வெறும் தங்கம்" என்று செல்லாததாக்க வெட்டினார்கள் என்கிறார்கள் சிலர். உள்ளே செம்பு கிம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் யாரோ ஒருவர் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகத்தைப் பார்த்து மயங்காமல், தங்கத்தைத் தங்கமாக எடை பார்த்திருக்கிறார். மிளகும் முத்தும் மணியும் கப்பலேறிப் போக, பதிலுக்குப் பொன் வந்து இறங்கிய காலம் அது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிப் போகும் "கடல் வாணிகம்" கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் பானை வரை வந்து சேர்ந்ததற்குச் சாட்சி இது.

அந்தக் காசுகள் என்ன ஆயின? லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த நாணயவியல் அறிஞர் ஹில் அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். குவியலின் ஒரு பகுதி அந்த மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே இருக்கிறது. உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் "புதுக்கோட்டைக் குவியல்" என்கிறார்கள். புதுக்கோட்டைக்குப் பெருமைதான். ஆனால் பானை கிடைத்தது புதுக்கோட்டை நகரத்தில் இல்லை, கருக்காக்குறிச்சியில்! அந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் பல வருடங்களாக அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முழிப்பார்கள். பொருள் கடல் கடந்து போனால் கூடவே ஊர்ப் பெயரும் தேய்ந்துபோகிறது.

இதை எதற்கு முதலில் சொன்னேன் என்றால், 1898இல் கிடைத்த பொருளைக் கொண்டுபோய் வைக்க சமஸ்தானத்தில் ஒரு மியூசியம் கிடையாது. அது வந்தது 1910இல். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னராக இருந்த காலம். பன்னிரண்டே வருட இடைவெளி.

சென்னையில் 1851இலேயே மியூசியம் வந்துவிட்டது. சென்னைவாசிகள் அதைச் "செத்த காலேஜ்" என்றும், மிருகக் காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொல்வார்கள். என்ன அழகான பெயர்கள் பாருங்கள்! கேலியாகச் சொன்னாலும் இரண்டையும் "காலேஜ்" என்றுதான் சொன்னார்கள். பணம் கட்டாமல், பரீட்சை எழுதாமல் எவரும் போய்ப் படிக்கக்கூடிய காலேஜ் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படி ஒரு காலேஜ் தலைநகரத்துக்கு மட்டும் போதும் என்று நினைக்காமல், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்த ஒரே சமஸ்தானமான புதுக்கோட்டை தனக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டது. சும்மா மன்னரின் அழகுப் பொருட்களை அடுக்கி வைக்கும் ஆசை மட்டும் அல்ல. அந்தக் கால சமஸ்தானத்தில் தன் வரலாற்றைத் தானே எழுதிவைக்க வேண்டும் என்ற வேகம் இருந்தது. 1916இல் ராதாகிருஷ்ண ஐயர் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதினார். 1929இல் ஊர் ஊராகப் படியெடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை, எந்த அரச மரபு என்று வகை பிரித்துப் புத்தகமாகப் போட்டார்கள். இன்றைக்கும் சோழர், பாண்டியர், முத்தரையர் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டாமல் எழுத முடியாது. கல்வெட்டைப் புத்தகத்தில் சேர்த்தவர்கள், அநாதையாகக் கிடந்த கல்லை மியூசியத்தில் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே வேலைதான்.

"அநாதைக் கல்" என்றால் புரிகிறதா? நம் மாவட்டத்தில் கோயில் இல்லாத குன்று குறைவு. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம், கொடும்பாளூர். இவை பெயர் பெற்றவை. பெயர் பெறாதவை எத்தனையோ. இடிந்துபோன கோயில், கவனிப்பாரற்ற சமணப் பள்ளி, உழவுக்காக வரப்பில் தூக்கிப் போட்ட சிற்பம், வாய்க்காலில் துவைக்கிற கல்லாகிவிட்ட கல்வெட்டு. இப்படிக் கிடந்தவற்றுக்கெல்லாம் திருக்கோகர்ணத்தில் இருக்கும் அந்த மியூசியம் ஒரு வீடு கொடுத்தது. கொடும்பாளூர்ச் சிற்பங்கள் இருக்கின்றன. சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. முதுமக்கள் தாழிகள், செப்புத் திருமேனிகள், காசுகள், ஆயுதங்கள், ஓவியங்கள், கற்களும் கனிமங்களும், பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14, பொங்கல் நாளில், புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னராட்சி போய் மக்களாட்சி வந்தது. மியூசியம் மட்டும் கலையாமல் மாநில அரசின் அருங்காட்சியகத் துறைக்குக் கை மாறியது. மன்னர் வீட்டுச் சொத்தாக இருந்தது மக்கள் சொத்தாயிற்று. பிள்ளைகளிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன்: "இதுல உன் பங்கும் இருக்குடா. அதனால கண்ணாடியில கை வெச்சு அழுக்காக்காதே!"

சரி, ஒரு மியூசியம் எப்படி நடக்கிறது? பொருட்கள் எங்கிருந்து வருகின்றன?

நான்கு வழிகள். ஒன்று, யாராவது மனமுவந்து கொடுப்பது. இரண்டு, விலைக்கு வாங்குவது. மூன்று, தொல்லியல் ஆய்விலோ கள ஆய்விலோ கிடைப்பது. நான்காவது புதையல். இந்த நாலாவதைத்தான் ஊர்ப்புறத்தில் இருக்கும் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். புதையல் என்றாலே நமக்குப் பயம். "கவர்மெண்ட் எடுத்துக்கும், நமக்கு நயா பைசா கிடைக்காது, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும்" என்று ஒரு நம்பிக்கை. அதனால் பானை கிடைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக நகைப் பட்டறைக்குப் போய்விடுகிறது. காசு உருகிக் கம்மலாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னாலே விஷயம் மேலே போகும். நூறு வருடங்களுக்குள் புதைத்தது, என்னுடையது என்று யாரும் வந்து நிரூபிக்கவில்லை என்றால், அது உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்படும். கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் வேறு வேறு ஆட்களாக இருந்து, இருவருக்குள்ளும் தனி உடன்பாடு இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கம் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. அதிலுள்ள உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போடுவோமா? உலோக மதிப்பு ஒரு லட்சம் என்றால் அரசு கொடுக்க வேண்டியது 1,20,000 ரூபாய். அதில் கண்டெடுத்தவருக்கு 90,000. நிலத்துக்காரருக்கு 30,000. சொல்லாமல் மறைத்தால் பங்கும் போய், ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு. பங்கு வாங்கிக்கொண்டு ஊரின் பெயரையும் வரலாற்றில் ஏற்றுவது நல்லதா, பயந்து பயந்து பாதி விலைக்குப் பட்டறையில் கொடுப்பது நல்லதா? நீங்களே சொல்லுங்கள்.

பொருள் மியூசியத்துக்கு வந்துவிட்டது. முதல் வேலை என்ன? கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா? இல்லை. பதிவேட்டில் எழுதுவது! பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது அல்லவா, அதே மாதிரி. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். என்ன பொருள், எதனால் ஆனது, உயரம், அகலம், எடை, எந்தக் காலம், எங்கே உடைந்திருக்கிறது, எந்த ஊரில் கிடைத்தது, யார் மூலமாக வந்தது, எந்தத் தேதி. புகைப்படமும் எடுத்துச் சேர்ப்பார்கள். பிறகு அவ்வப்போது பதிவேட்டையும் பொருளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி பார்ப்பார்கள். ஆள் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்பதும் இதை வைத்துத்தான்.

இந்தப் பதிவேட்டில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது "எந்த ஊரில் கிடைத்தது" என்கிற கட்டம். ஒரு சிலையின் காலத்தை அறிஞர்கள் அதன் கிரீடத்தையும் ஆடை மடிப்பையும் பார்த்துப் பிற்பாடுகூடச் சொல்லிவிடுவார்கள். எடையை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஊர்ப் பெயரை ஒரு முறை தொலைத்துவிட்டால் பிறகு எந்த அறிஞராலும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஊர்ப் பெயர் இல்லாத சிலை முகவரி இல்லாத கடிதம் மாதிரி. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் யாருக்குப் போய்ச் சேரும்?

வேறொரு ஊரில் ஒரு காட்சிக் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அருமையான அம்மன் சிலை ஒன்று. கீழே அட்டையில் "கற்சிலை, 10ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "இந்தச் சாமி எந்த ஊரு டீச்சர்?" அங்கிருந்த ஊழியரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "அப்ப அந்த ஊர்ல சாமி கும்பிடறதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்றாள். குழந்தைகள் கேட்கிற கேள்வியைப் பெரியவர்கள் கேட்பதில்லை.

பதிவும் படமும் எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடு போய், 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் பல கோடி ரூபாய்க்கு விலை கொடுத்து வாங்கியிருந்தது. அது இன்ன கோயில் நடராஜர்தான் என்று அடித்துச் சொல்ல உதவியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களில் ஒன்று. 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்து, பின்னால் ஊர்ப் பெயரை எழுதி வைத்தவருக்கு இது இப்படிப் பயன்படும் என்று தெரிந்திருக்காது. ஆனால் ஒழுங்காக எழுதி வைத்தார். ஒழுங்காக எழுதி வைப்பதுதான் மியூசியம் நடத்துவதில் பாதி.

மீதிப் பாதி, பொருளைக் கெடாமல் வைத்திருப்பது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குகிறோம். மியூசியத்தில் அப்படித் தேய்த்தால் குற்றம்! செப்புத் திருமேனியின் மேல் படிந்திருக்கும் பச்சை நிறத்தில் அதற்குக் காவலான படலமும் உண்டு, அதை அரித்துத் தின்னும் நோயும் உண்டு. மண்ணில் இருக்கும் உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூளாக உதிர ஆரம்பிக்கும். "வெண்கல நோய்" என்றே அதற்குப் பெயர். எது படலம், எது நோய் என்று பார்த்துச் சொல்ல அதற்கென்று படித்தவர்கள் வேண்டும். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவ வேண்டும். இல்லையென்றால் காய்ந்து நொறுங்கும், பூச்சி அரிக்கும். ஓவியத்தின் மேல் வெயில் படக்கூடாது. பாடம் செய்த பறவைக்குப் பூச்சி மருந்து தேவை. மரச் சிற்பத்தில் கரையான் ஏறுகிறதா என்று மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். நாம் உள்ளே போய் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருகிற கூடத்துக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது. ஒரு மாவட்ட மியூசியத்தில் காப்பாட்சியர் என்பவர் ஆராய்ச்சியாளர், கணக்கர், வழிகாட்டி, சில நாள் போட்டி நடத்தும் வாத்தியார் என்று எல்லாமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் யாருக்காக? இங்கேதான் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

விராலிமலைப் பக்கத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். கொடும்பாளூரிலிருந்து நடந்து வந்து படிக்கிற பையன் ஒருவன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். சிற்பக் கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவன், ஓர் அட்டை முன்னால் நின்றுவிட்டான். "டீச்சர்! எங்க ஊரு! எங்க ஊரு பேரு போட்டிருக்கு!" கத்தின கத்தில் காவலர் ஓடி வந்துவிட்டார். அடுத்த வாரம் வகுப்பில் கொடும்பாளூர் பற்றி அவன்தான் பாடம் எடுத்தான். மூவர் கோயிலில் இப்போது இரண்டு கோயில்தான் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் இருக்கிறது என்று சுவரில் படம் வரைந்து காட்டினான். இருக்குவேளிர் என்ற பெயரை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான்.

எங்கோ டெல்லியில், லண்டனில் இருக்கும் மியூசியத்தால் இதைச் செய்ய முடியாது. அங்கே உலகத்தைப் பார்க்கலாம். தன் ஊர்ப் பெயரைத் தன் கண்ணால் படிக்க, பஸ் ஏறிப் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு மியூசியம் வேண்டும்.

காசுப் பகுதிக்குப் போனால் நான் கணக்கு வகுப்பே நடத்திவிடுவேன். சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு செப்புக் காசு இருந்தது, அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய". நவராத்திரியில் அரிசி தானத்தோடு இந்தக் காசையும் கொடுப்பார்கள். 20 அம்மன் காசு ஒரு அணா. 16 அணா ஒரு ரூபாய். அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு எத்தனை அம்மன் காசு? பிள்ளைகள் விரலை மடக்குவார்கள். 320! பிறகு வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்வேன். மறுநாள் இரண்டு மூன்று பேர் சாமி மாடத்திலிருந்தோ அஞ்சறைப் பெட்டியிலிருந்தோ நிஜ அம்மன் காசையே கொண்டு வந்துவிடுவார்கள். "மியூசியத்துல இருக்கறது எங்க வீட்டுலயும் இருக்கு" என்று தெரிந்த பிள்ளை வரலாறு என்றால் அது யாரோ ராஜாவுடைய கதை என்று இனி நினைக்காது.

ஒரு நியாயமான கேள்வியையும் இங்கே பேசிவிட வேண்டும். கிடைக்கிற எல்லாவற்றையும் மியூசியத்துக்கு எடுத்துப் போவது சரியா? "எங்க சாமியைத் தூக்கிட்டுப் போகாதீங்க" என்று ஊர் எதிர்த்து நிற்கிற இடங்கள் உண்டு. புத்தரையும் சமண தீர்த்தங்கரரையும் வேறு பெயர் வைத்து விபூதி பூசிக் கும்பிடுகிற கிராமங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. ஊரார் விளக்கேற்றிப் பாதுகாக்கிற சிலை அங்கேயே இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அதைப் படமெடுத்து, பதிவில் ஏற்றினால் போதும். கேட்பாரற்று உடைந்து கிடப்பதற்கும், திருட்டுக்குப் பயந்து நிற்பதற்கும்தான் மியூசியம் வேண்டும்.

கீழடியில் நடந்ததைப் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வில் கிடைத்த பொருட்கள் மைசூருக்குப் போய்விடும் என்ற பேச்சு வந்ததும் எவ்வளவு பெரிய எதிர்ப்பு! உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. பிறகு மாநிலத் தொல்லியல் துறை தான் தோண்டியெடுத்த பொருட்களுக்கு அந்த மண்ணிலேயே, சுமார் 18 கோடி ரூபாய் செலவில், செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் ஓர் அருங்காட்சியகம் கட்டியது. 2023 மார்ச் 5ஆம் தேதி திறந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போகிறார்கள். 1898இல் கருக்காக்குறிச்சிக்காகக் கேட்க யாரும் இல்லை. கீழடிக்காகக் கேட்க ஆயிரம் பேர் இருந்தார்கள். நூற்றுச் சொச்ச வருடங்களில் நம் ஜனங்கள் வந்திருக்கிற தூரம் இது. அதே 2023இல் நம் புதுக்கோட்டைப் பக்கம் பொற்பனைக்கோட்டையிலும் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. நம் முறையும் வந்துவிட்டது.

இத்தனை தூரம் வந்தும் நம்மிடம் ஒரு குறை. புதிதாகத் திறந்தால் கூட்டமாகப் போகிறோம். நூறு வருடத்துக்கு மேலாகத் திறந்திருக்கிறதை எட்டிப் பார்ப்பதில்லை. ஆள் வராத மியூசியத்துக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்? கூடத்துக்கு நல்ல விளக்கு, அட்டைக்குப் பெரிய எழுத்து, காலிப் பணியிடத்துக்கு ஆள் என்று கேட்பதற்கு முதலில் பார்வையாளர் எண்ணிக்கை இருக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளியை மூடப் பார்ப்பார்களே, அதே கதைதான். எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே டீச்சர் கொடுக்கும் வீட்டுப் பாடம் இது:

1. உங்கள் மாவட்ட மியூசியத்துக்கு இந்த வருடம் ஒரு தடவையாவது குடும்பத்தோடு போங்கள். புதுக்கோட்டையில் என்றால் திருக்கோகர்ணம் கோயிலுக்கும் சேர்த்துப் போய் வரலாம். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

2. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். பிள்ளையிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். "உனக்குப் பிடிச்ச மூணு பொருள், அது எந்த ஊரு" என்று மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள்.

3. வயலில், கிணறு வெட்டும்போது, பொக்லைன் மண் அள்ளும்போது தாழியோ காசோ சிலையோ கண்ணில் பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

4. வீட்டுப் பரணில் இருக்கும் பழைய ஓலைச்சுவடி, படி, மரக்கால், தாத்தாவின் பத்திரம் எதையும் ஆக்கருக்குப் போடுமுன் ஒரு முறை காப்பாட்சியரிடம் காட்டுங்கள். கொடுப்பதானால் கொடுத்தவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் பதிவேட்டில் எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

5. பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு: சில அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, பிள்ளைகளே கல்வெட்டுப் படிக்கிறார்கள். பெரிய செலவு இல்லை. உங்கள் பள்ளியிலும் தொடங்குங்கள்.

கருக்காக்குறிச்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "1898இல் இந்த ஊரில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன." காசு திரும்பி வருவது நம் கையில் இல்லை. பெயரைத் திரும்பக் கொண்டுவருவது நம் கையில்தான் இருக்கிறது. பெயிண்டுக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

உங்கள் ஊரில் கிடைத்த பழம்பொருள் எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்